மரம் வேண்டாம், பேரேடு வேண்டும்

பாட்டன் பூட்டன் கதை பேசுவது ஆண்ட பரம்பரைக்காரர்களின் வேலை, நமக்கு எதற்கு என்று நம் தோழர்கள் பலர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ‘நாங்க யாரு தெரியுமா’ என்று ஆரம்பிக்கிற பேச்சு எதுவாக இருந்தாலும் கடைசியில் ‘நீ யாருடா’ என்பதில்தான் வந்து நிற்கும். வம்சப் பெருமையைக் குடித்து வளர்ந்ததுதான் சாதி. அவர்களிடம் போய் நமக்கும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஆனால் வம்சாவளியைத் தள்ளிவிடுகிற வேகத்தில் ஆவணத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறோமே, அதில்தான் எனக்குச் சண்டை. குடும்ப மரம் வரைவது ஒன்று. அந்த மரத்தை வரையப் பயன்பட்ட பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பது இன்னொன்று. முதலாவதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது நமக்கு வேண்டும்.

இதைச் சொல்ல நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் வர்ஜீனியாவை. அங்கே பதினேழாம் நூற்றாண்டில் குடியேறி, கவுண்டி அதிகாரியாக வாழ்ந்து செத்துப்போன ஒரு வெள்ளைக்காரரின் குடும்பத்தைக் காகிதம் காகிதமாகப் பின்தொடர்ந்து போனால் யார் வாசலில் போய் நிற்கிறோம் என்று பார்க்கலாம்.

*

1607இல் ஆங்கிலேயர்கள் ஜேம்ஸ்டவுனில் வந்து இறங்கினார்கள். வட அமெரிக்காவில் அவர்களுக்கு நிலைத்து நின்ற முதல் குடியிருப்பு அது. அந்தத் தொடக்க காலத்தில் வந்தவர்களின் வாரிசுகள் தங்களை ‘வர்ஜீனியாவின் முதல் குடும்பங்கள்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் அங்கே பவ்ஹாட்டன் கூட்டமைப்பைச் சேர்ந்த பூர்வகுடிகள் சோளம் விதைத்து, மீன் பிடித்து, ஊர் ஊராக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வந்தவன் எப்படி முதல் குடும்பம் ஆனான்? அதை யாரும் கேட்பதில்லை. 1912இல் இந்தப் பெயரிலேயே ஒரு சங்கமும் தொடங்கினார்கள். அதில் சேர வேண்டுமானால், காலனியின் ஆரம்ப வருஷங்களில் வந்த ஒரு முன்னோரிடமிருந்து தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்ததைக் காகிதத்தில் காட்ட வேண்டும். பாட்டி சொன்னாள் என்பதெல்லாம் செல்லாது.

காகிதம் என்றால் என்ன காகிதம்? உயில், நிலப் பட்டா, சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவு, வீட்டு பைபிளில் எழுதிவைத்த பிறப்பு இறப்புக் குறிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கவுண்டி கோர்ட்டின் புத்தகம். கவுண்டி என்றதும் நம் ஊர் சாதிப் பெயர் மாதிரி காதில் விழும். நிர்வாக வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1634இல் வர்ஜீனியாவை இப்படி எட்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோர்ட். அதில் உட்கார்ந்த நீதிபதிகள் சட்டம் படித்துவிட்டு வந்தவர்கள் இல்லை. வட்டாரத்தில் நிலபுலன் உள்ளவர்களாகப் பார்த்து நியமிப்பார்கள். ஷெரிப்பும் அந்தக் கூட்டத்திலிருந்துதான். கிளார்க் என்பவர் நம் ஊர்ப் பழைய கர்ணத்தையும் சப்-ரிஜிஸ்தராரையும் ஒன்றாகப் பிசைந்த மாதிரி ஆள். நிலம் கைமாறினால், ஆள் செத்துப்போனால், புகையிலைக் கடன் தகராறு வந்தால், ஓடிப்போன வேலைக்காரனுக்குக் கசையடி விதித்தால், எல்லாம் கோர்ட் புத்தகத்தில்தான் ஏறும். கிழக்குக் கரையில் இருக்கிற நார்தாம்ப்டன் கவுண்டியின் கோர்ட் பதிவுகள் 1632இலிருந்து அறுபடாமல் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே தொடர்ச்சியாக உள்ள மிகப் பழைய கவுண்டிப் பதிவுகள் அவைதாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கவுண்டி அதிகாரி ஒருவன் நிலம் வாங்கினால் அவன் உட்காருகிற கோர்ட்டிலேயே பதிவாகிறது. அவன் செத்தால், அவனோடு பெஞ்சில் இருந்தவன் சொத்தை மதிப்பிடுகிறான். அவன் மகளைக் கட்டியவன் அடுத்த நீதிபதி ஆகிறான். தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கிற இடத்தில் இருந்தவனை நானூறு வருஷம் கழித்து ஒரு பேரன் வந்து தேடினால் கிடைக்காமல் எப்படிப் போகும்? வெள்ளைக்காரனுக்கு நீளமான வம்சாவளி இருக்கிறது என்று ஆச்சரியப்படுகிறவர்கள், பேனா யார் கையில் இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

*

ஜான் மாட்ரம் என்ற ஆளை எடுத்துக்கொள்வோம். 1640களின் தொடக்கத்தில், பொட்டோமக் ஆற்றில் போய்க் கலக்கிற கோன் ஆற்றங்கரையில் வந்து குடியேறியவர். நார்தம்பர்லாந்து கவுண்டியின் முதல் வெள்ளைக் குடியேறி என்று அவரைச் சொல்வது வழக்கம். 1645இல் அந்த வட்டாரத்தின் சார்பில் காலனியின் சட்டசபைக்குப் போனார். கர்னல் என்ற பட்டம். 1655இல் இறந்தார். அவருடைய மகள் பிரான்சிஸைக் கட்டியவர் நிக்கலஸ் ஸ்பென்சர். இந்த ஸ்பென்சர் பிற்பாடு காலனியின் செயலாளர் ஆகி, 1683-84இல் தற்காலிக கவர்னராகவும் இருந்தவர். ஸ்பென்சரும் ஜான் வாஷிங்டன் என்பவரும் கூட்டாக 1674இல் ஐயாயிரம் ஏக்கருக்குப் பட்டா வாங்கினார்கள். அந்த நிலத்தில்தான் மவுண்ட் வெர்னன் இருக்கிறது. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை வீடு. ஜான் அவருக்குக் கொள்ளுத்தாத்தா.

பார்த்தீர்களா, மூன்று காகிதத்தில் கவர்னர் வரைக்கும் ஜனாதிபதி வரைக்கும் போய்விட்டோம். இதுதான் குடும்ப மரம். வம்சாவளி தேடுகிற வெள்ளைக்காரர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வார்கள்.

அந்த ஐயாயிரம் ஏக்கர் எப்படி வந்தது? காசு கொடுத்து வாங்கியதா? 1618இலிருந்து வர்ஜீனியாவில் ஒரு ஏற்பாடு இருந்தது. கப்பல் கூலி கொடுத்து ஒரு ஆளைக் கொண்டுவந்து இறக்கினால் தலைக்கு ஐம்பது ஏக்கர். நிலம் வந்தவனுக்கு இல்லை, கொண்டுவந்தவனுக்கு. பட்டாவின் கீழே, யார் யார் தலையைக் காட்டி நிலம் வாங்கினார்கள் என்று பெயர்ப் பட்டியல் இருக்கும். இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த ஏழைகள், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் தலைகள். குடும்ப மரத்துக்கு வேண்டியது பட்டாவின் முதல் வரி. நமக்கு வேண்டியது அடியில் இருக்கிற பட்டியல்.

*

மாட்ரம் செத்ததும் சொத்தைக் கணக்குப் பார்க்கப் பொறுப்பாளர்கள் வந்தார்கள். வங்கியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு வரி எந்தப் பத்தியில் விழுகிறது என்பதில் ஒரு ஆளின் விதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எலிசபெத் கீ என்ற பெண் இருந்தார். கைக்குழந்தையும் இருந்தது. இரண்டு பேரையும் நீக்ரோக்கள் என்று சொத்துப் பத்தியில் சேர்த்துவிட்டார்கள்.

எலிசபெத் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 1656 ஜனவரி. அதே நார்தம்பர்லாந்து கவுண்டி கோர்ட். செத்துப்போன கர்னலின் கூட்டாளிகள் உட்கார்ந்திருக்கிற கோர்ட். அங்கே போய் நின்று, நான் அடிமை இல்லை என்றார்.

அவருடைய அப்பா தாமஸ் கீ ஒரு வெள்ளைக்காரர், காலனியின் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். அம்மா ஒரு ஆப்பிரிக்கப் பெண். அந்த அம்மாவின் பெயரை எந்தக் காகிதமும் எழுதிவைக்கவில்லை. 1636இல் தாமஸ் கீ தன் மகளை ஹம்ப்ரி ஹிக்கின்சன் என்ற இன்னொரு பெரிய மனிதரிடம் ஒன்பது வருஷத்துக்கு என்று பேசி ஒப்படைத்தார். சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு. ஒன்பது வருஷம் முடிந்தது. விடுதலை வரவில்லை. கை மாறி மாட்ரம் வீட்டுக்கு வந்துசேர்ந்தார். ஒன்பது வருஷம் ஏறக்குறைய இருபதாகிவிட்டது.

வழக்கில் அவர் வைத்த வாதங்கள் மூன்று. என் அப்பா சுதந்திரமான ஆங்கிலேயர். ஆங்கிலச் சட்டப்படி பிள்ளை அப்பாவின் நிலையைத்தான் பெறும். நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள். என்னை ஒப்படைத்தது ஒன்பது வருஷத்துக்குத்தான், ஆயுளுக்கு இல்லை. அவருக்காக வாதாடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட் என்ற ஆங்கில இளைஞர். மாட்ரம் வீட்டுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். குழந்தையின் தகப்பனும் அவரே.

அப்பா யார் என்பதை எப்படி நிரூபிப்பது? பைபிளில் எழுதிவைத்த குறிப்பா இருக்கிறது? எண்பது வயதுக் கிழவி ஒருத்தி வந்து சாட்சி சொன்னாள். அந்தக் கறுப்புப் பெண்ணைக் கர்ப்பமாக்கியதற்காகத் தாமஸ் கீக்கு அந்தக் காலத்தில் கோர்ட்டில் அபராதம் போட்டார்கள், அந்தப் பிள்ளைதான் இவள் என்றாள். இல்லை, இவள் ஒரு துருக்கிக்காரனின் பிள்ளை என்று கேள்விப்பட்டேன் என்று இன்னொருவன் சொல்லிப் பார்த்தான். ஜூரி கிழவியை நம்பியது. எதிர்த்தரப்பு விடவில்லை. மேல்முறையீடு, சட்டசபைக் கமிட்டி என்று வழக்கு இழுபட்டது. 1656 ஜூலை 21இல் விடுதலை உறுதியானது. கூடுதலாக வாங்கிய உழைப்புக்குச் சோளமும் துணியும் இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னார்கள். எலிசபெத்தும் வில்லியமும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கர்னல் மாட்ரம் குடும்பத்தைத் தேடிப் போகிறவர்கள் கையில் இந்த வழக்கு வந்து விழாமல் இருக்காது. அவருடைய சொத்துக் கணக்கு இருக்கிற அதே கோர்ட் பதிவுகளில்தான் இதுவும் இருக்கிறது. சட்டசபைக்குப் போனது, பட்டம் வாங்கியது எல்லாவற்றையும்விட இன்றைக்கு அவர் பெயர் அதிகமாகப் படிக்கப்படுவது எலிசபெத் கீ வழக்கில்தான்.

*

எலிசபெத் ஜெயித்தது நல்ல முடிவு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விட முடியாது. அவர் எந்தக் கதவுகள் வழியாக வெளியே வந்தாரோ, அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாக ஆணியடித்து மூடினார்கள்.

1662இல் வர்ஜீனியா சட்டசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆங்கிலேயனுக்கும் நீக்ரோப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை அடிமையா, சுதந்திர மனிதனா என்பதில் சந்தேகம் வந்திருக்கிறது. இனிமேல் தாய் எதுவோ பிள்ளையும் அதுவே. 1667இல் இன்னொரு சட்டம்: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான். 1669இல் மூன்றாவது: எஜமான் தண்டிக்கும்போது அடிமை செத்துப்போனால் அது கொலைக்குற்றம் ஆகாது, ஏனென்றால் தன் சொத்தைத் தானே வேண்டுமென்று யாரும் அழிக்க மாட்டான். 1705இல் அடிமைகள் அசையாச் சொத்து என்று எழுதினார்கள். நிலம் எப்படி வாரிசுக்கு இறங்குமோ அப்படி ஆளும் இறங்கும்.

இந்தச் சட்டங்களைப் போட்டது யார்? கவுண்டி கோர்ட்டுகளில் நீதிபதியாகவும் ஷெரிப்பாகவும் இருந்துவிட்டுச் சட்டசபையில் போய் உட்கார்ந்த அதே நிலக்காரக் கூட்டம். 1662 சட்டத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஆங்கிலேயர் சமூகத்தில் பெயர், சொத்து, பட்டம் எல்லாம் அப்பா வழி. மனைவிக்குப் பிறந்த பிள்ளைக்கு அப்பா வழிதான். அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த அதே ஆளின் பிள்ளைக்கு மட்டும் அம்மா வழி. எதற்கு? அப்படி எழுதினால் அவன் செய்த பலாத்காரம் அவனுக்குக் குற்றமாகாது, லாபமாகும். ஒவ்வொரு பிள்ளையும் அவனுடைய சொத்துக் கணக்கில் ஒரு வரி கூடுதல். அப்பன் பெயர் இருந்த இடம் சட்டப்படி காலியாகிறது. குடும்ப மரத்தில் ஒரு கிளை மட்டும் வெட்டவெளியாகத் தெரிகிறதென்றால், அது தானாக முறிந்த கிளை என்று நினைத்துவிடாதீர்கள். கோடாலி எந்த வருஷம் விழுந்தது என்பது சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது.

வெள்ளைப் பெண்ணுக்கும் கறுப்பு ஆணுக்கும் பிறந்த பிள்ளைகள் அந்தக் கணக்கில் இடித்தார்கள். தாய் சுதந்திரமானவள், ஆக பிள்ளையும் சுதந்திரம். அதற்கு 1691இல் சட்டம் வந்தது. அப்படிப் பிள்ளை பெற்றவளுக்கு அபராதம், பிள்ளைக்கு முப்பது வயது வரை கட்டாய ஊழியம். கறுப்பரையோ பூர்வகுடியையோ கல்யாணம் செய்துகொண்ட வெள்ளையர் காலனியை விட்டே வெளியேற வேண்டும். அகமண முறை கடவுள் வகுத்ததல்ல, ஆள் வகுத்தது என்பதை அம்பேத்கர் வாசித்த நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வகுத்த தேதியே கிடைக்கிறது.

*

இருநூறு வருஷம் தள்ளி வருவோம். 1850லும் 1860லும் அமெரிக்க அரசு அடிமைகளுக்கென்று தனிக் கணக்கெடுப்புப் பட்டியல் போட்டது. எஜமான் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். சில விதிவிலக்குகள் போக, பெயர் கிடையாது. உள்நாட்டுப் போர் முடிந்து, 1870 கணக்கெடுப்பில்தான் முன்னாள் அடிமைகள் எல்லாரும் பெயரோடு எழுதப்பட்டார்கள். தன் குடும்பத்தைத் தேடுகிற கறுப்பினத்தவர் 1870இல் போய் முட்டிக்கொண்டு நிற்கிறார். அதை அவர்கள் சுவர் என்றே சொல்கிறார்கள்.

சுவரைத் தாண்ட ஒரே வழி, எஜமானின் குடும்ப ஆவணத்துக்குள் இறங்குவது. அவன் உயிலில் எந்த மகனுக்கு எந்த அடிமையை எழுதினான், அவன் செத்தபோது சொத்துப் பட்டியலில் யார் யார், கடனுக்கு யாரை அடமானம் வைத்தான், மகள் கல்யாணத்துக்கு யாரைச் சீதனமாக அனுப்பினான் என்று வரி வரியாகத் தேட வேண்டும். 1866இல் வர்ஜீனியாவில், அடிமைக் காலத்தில் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களின் உறவு செல்லும் என்று சட்டம் வந்தபோது எடுத்த பதிவேடுகளில், கடைசி எஜமான் யார் என்று ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் போக வேண்டும். தன் பூட்டியைக் கண்டுபிடிக்க ஒருவர் பூட்டியை விற்றவனின் வம்சாவளியில் நிபுணர் ஆக வேண்டியிருக்கிறது. இந்தக் கொடுமைக்கு நிகராக ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதிலும் பாதிக் காகிதம் இல்லை. போர்க்காலத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று பல கவுண்டிகளிலிருந்து ரிச்மண்ட் நகருக்கு அனுப்பிய பதிவுகள் 1865 ஏப்ரல் தீயில் எரிந்துபோயின. இருப்பவற்றிலிருந்து எவ்வளவு எடுக்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பால் ஹைனெக் என்ற ஆய்வாளர் கவுண்டி கோர்ட் புத்தகங்களை உழுது, காலனியக் காலத்திலேயே சுதந்திரமாக இருந்த கறுப்பினக் குடும்பங்களின் வரலாற்றை 1990களில் வெளியிட்டார். அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை வெள்ளை வேலைக்காரப் பெண்களிடமிருந்து வந்தவை என்று அவருடைய தேடல் காட்டியது. வர்ஜீனியாவின் மாநில நூலகமும் விடுதலை வழக்குகள், சுதந்திரக் கறுப்பர் பதிவேடுகள் போன்றவற்றைக் கணினியில் யாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது.

ஜான் பன்ச் என்ற ஆப்பிரிக்கர் 1640இல் இரண்டு வெள்ளை வேலைக்காரர்களோடு சேர்ந்து எஜமானிடமிருந்து ஓடினார். மூவரும் பிடிபட்டார்கள். வெள்ளையர் இருவருக்கும் நான்கு வருஷம் கூடுதல் ஊழியம். ஜான் பன்ச்சுக்கு ஆயுள் முழுக்க. ஒரே குற்றம், ஒரே கோர்ட், இரண்டு தண்டனை. 2012இல் வம்சாவளி ஆய்வாளர்கள் சிலர் பழைய பதிவுகளையும் மரபணுவையும் வைத்து, அன்றைய ஜனாதிபதி ஒபாமா தன் வெள்ளைக்கார அம்மா வழியில் இந்த ஜான் பன்ச்சின் வாரிசாக இருக்கக்கூடும் என்றார்கள். வெள்ளைக் குடும்ப மரம் என்பதே எவ்வளவு பேரை மறைத்து வரைந்தது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

*

ஆவணம் பேசும்போது நம்பாதவர்கள், வாய்மொழியை எப்போது நம்புவார்கள்? ஜனாதிபதி ஜெபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ், ஜெபர்சன்தான் தன் அப்பா என்று 1873இல் ஒஹையோவில் ஒரு பத்திரிகையில் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக அதைத் தள்ளிவைத்தார்கள். ஜெபர்சனின் வெள்ளைப் பேரன்கள் சொன்னதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டுமே வாய்ச்சொல்தான், ஒன்றுக்கு மட்டும் மதிப்பு. 1998இல் மரபணுச் சோதனை ஹெமிங்ஸ் குடும்பத்தின் பக்கம் நின்றது. அதற்குப் பிறகும், ஜெபர்சன் வாரிசுகளின் சங்கம் 2002இல் ஓட்டெடுத்து ஹெமிங்ஸ் வாரிசுகளைச் சேர்க்க மறுத்தது. பிரச்சினை சாட்சியம் போதாததா, சுடுகாட்டில் இடம் கொடுப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அந்தச் சங்கத்தின் கையில் இருப்பது குடும்பக் கல்லறைத் தோட்டம்.

பேனா பிடித்தவன் என்ன செய்ய முடியும் என்பதற்கு வால்டர் பிளெக்கர் போதும். 1912 முதல் 1946 வரை வர்ஜீனியாவின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் தலைவர். 1924இல் இனத்தூய்மைச் சட்டம் வந்தது. வெள்ளையர், வெள்ளையர் அல்லாதவர் என்று இரண்டே பத்தி. பூர்வகுடிகள் தங்களைப் பூர்வகுடி என்று எழுதிக்கொண்டால் பிளெக்கர் அடித்துத் திருத்தினார். 1943இல் கவுண்டி வாரியாகக் குடும்பப் பெயர்களைப் பட்டியல் போட்டு, இவர்களை வெள்ளையர் என்றோ பூர்வகுடி என்றோ பதியாதீர்கள் என்று உள்ளூர் அலுவலர்களுக்கு அனுப்பினார். துப்பாக்கி எடுக்கவில்லை. ரெஜிஸ்டரை வைத்தே ஒரு இனத்தை இல்லையென்று ஆக்கப் பார்த்தார்.

அதே சட்டத்தில் ஒரு சலுகை இருந்ததுதான் வேடிக்கை. பதினாறில் ஒரு பங்குக்கு மிகாமல் பூர்வகுடி ரத்தம் இருந்தால் வெள்ளையர்தான். ஏன் தெரியுமா? முதல் குடும்பங்களில் பல, தாங்கள் போக்கஹோன்டஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வாரிசு என்று பெருமை பேசி வந்தவை. சட்டம் அவர்கள் காலையே மிதித்துவிடக் கூடாது இல்லையா! ஒருத்தனுக்கு அலங்காரமாக இருக்கிற ரத்தம் இன்னொருத்தனுக்குத் தீட்டு. கலப்பு மணத் தடையை 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் பிளெக்கர் கெடுத்த காகிதம் அதற்கப்புறமும் வேலை செய்தது. தொடர்ச்சியாகப் பூர்வகுடியாக வாழ்ந்ததற்கு ஆவணம் காட்டு என்று கேட்டால் எங்கே போவார்கள்? வர்ஜீனியாவின் ஆறு பூர்வகுடி இனங்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் 2018இல் தனிச் சட்டம் போட்டுத்தான் கிடைத்தது.

*

இதெல்லாம் எங்கோ கடல் கடந்த கதை என்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்ற வர்ஜீனிய வியாபாரி, இருபத்துநான்கு தலைகளைக் காட்டி ஆயிரத்து இருநூறு ஏக்கர் வாங்கினார். அந்தத் தலைகளில் ஒன்று ‘டோனி, கிழக்கிந்தியன்’. வட அமெரிக்க ஆங்கிலக் காலனிகளின் பதிவுகளில் கிடைக்கிற முதல் இந்தியர் என்று அவரைச் சொல்கிறார்கள். எந்தக் கரையில் ஏற்றினார்கள், என்ன மொழி பேசினார், அவருடைய அம்மா அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், ஒன்றும் இல்லை. டோனி என்பது ஏற்றியவன் வைத்த பெயர். 2023இல் பிருந்தா சாரி என்ற எழுத்தாளர் அந்த ஒற்றை வரியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதி, அவரைச் சோழமண்டலக் கரையில் பிறந்தவராகக் கற்பனை செய்திருக்கிறார். கற்பனைதான். ஆனால் அந்த ஒரு வரி பட்டாவில் இல்லாவிட்டால் கற்பனைக்கும் வழியில்லை. மெனிஃபி காலனியின் ஆட்சி மன்றத்தில் உட்கார்ந்த பெரிய மனிதர். அவரைத் தேடிப் போனால்தான் டோனியைப் பார்க்க முடியும்.

இரண்டாவது, மேடிசன் ஹெமிங்ஸ் தன் அப்பா பெயரைச் சொன்ன அதே 1873இல்தான் புனேயில் ஜோதிராவ் பூலே ‘குலாம்கிரி’யை வெளியிட்டு, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் பிளாக் பேந்தர்ஸைப் பார்த்து தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் போராட்டத்திலிருந்து நாம் பெயர் எடுத்தோம், கோபம் எடுத்தோம். அவர்கள் பேரேட்டைப் புரட்டுகிற விதத்தையும் எடுக்க வேண்டும் என்கிறேன்.

ஒரு தோழர் கேட்கக்கூடும்: எதிரி எழுதியதை வைத்து நம்மைத் தேடினால், அவன் கண்ணால்தானே நம்மைப் பார்ப்போம்? கேள்வி சரி. ஆனால் எதிரி புகார் எழுதும்போது தன்னையறியாமல் நமக்குச் சாட்சி சொல்லிவிடுகிறான். ‘ஓடிப்போனான்’ என்று எழுதினால், ஓடும் துணிச்சல் இருந்தது என்று அர்த்தம். ‘வழக்குப் போட்டாள்’ என்று எழுதினால், அவள் அடங்கவில்லை என்று அர்த்தம். எலிசபெத் கீயைக் கிளார்க் கருணையோடு எழுதிவைக்கவில்லை. அவர் கோர்ட் வாசலில் போய் நின்றதால் எழுதவேண்டியதாயிற்று. அந்தப் பக்கங்கள் அவர் சண்டை போட்டு வாங்கிய பக்கங்கள்.

அதனால்தான், மரத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்கிறேன். யாருடைய மகன், யாருடைய பேரன் என்பதால் ஒருவன் உயர்ந்தவன் ஆகிவிடுவதில்லை. கவர்னரின் பேரனும் சரி, எலிசபெத்தின் பேரனும் சரி. ஆனால் யாருடைய உழைப்பு யாருடைய நிலமானது, யாருடைய பிள்ளை யாருடைய சொத்தானது என்பது ரத்தப் பெருமை இல்லை, கணக்கு. கணக்கு நேராகாமல் நீதி பேச முடியாது. பதிவேடுகள் அழியாமல் இருக்க வேண்டும், பூட்டில்லாமல் இருக்க வேண்டும், யாரிடமிருந்து பிடுங்கி எழுதினார்களோ அவர்களின் பிள்ளைகள் கைக்கு முதலில் வர வேண்டும்.

இனி யாராவது வம்சப் பெருமை பேசிக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினால் கிழித்துப் போடாதீர்கள். வாங்கிப் படியுங்கள். முன்பக்கத்தில் அவன் பாட்டன் பெயர் இருக்கும். அடுத்த பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள்.